நாலு ஊசியும் நாலு கூடும்

கனகவல்லி அக்காவின் டெம்போ எங்கே நிற்கிறது என்று கேட்டால் புனே கோர்படியில் யாரும் விலாசம் சொல்ல மாட்டார்கள், புகையைக் காட்டுவார்கள். இந்த வருஷம் மழை ஓய்ந்த கையோடு வண்டிக்கு அந்தச் சீக்கு வந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஒரு குலுங்கு குலுங்கும், இருமும், பிறகு ரயில்வே கேட் வரைக்கும் கறுப்பாகக் கக்கிக்கொண்டே போகும். மேல் வீட்டில் குடியிருப்பவன் நான். ஜன்னலோரம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கம்பெனி மீட்டிங்கில் உட்கார்ந்தால் மூக்கில் டீசல், காதில் டெம்போ. ஆனால் சண்டை போட வாய் வராது. அதே ஜன்னல் வழியாகத்தான் அக்கா வீட்டுச் சாம்பார் மணமும் வரும், கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணமும் வரும். கிண்ணம் வாங்கித் தின்கிறவன் புகையைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்காது.

அக்கா அம்பாசமுத்திரத்துக்காரி. கல்யாணமாகிப் புனே வந்தவள், முதலில் இட்லி மாவு அரைத்து விற்றாள். பிறகு ரஞ்சன்காவ் ஃபேக்டரிகளில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன்களுக்குச் சோறு கொண்டுபோக ஆரம்பித்தாள். அதற்காகவே இந்த நாலு சிலிண்டர் டீசல் டெம்போவைப் பழசாக வாங்கினாள். ஓட்டுவதும் அவள்தான், முக்கால்வாசி ரிப்பேர் பார்ப்பதும் அவள்தான். வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசன் டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸில் ரிடையரானவர். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. முன்சீட்டில் உட்கார்ந்து, கதவுப் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, எதிரே வரும் லாரிக்காரர்களை ஆங்கிலத்தில் கண்டிப்பது அவர் வேலை. மகள் ஸ்ரீரஞ்சனி கேம்ப் பகுதியில் ஒரு பேங்கில் இருக்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். அவள் தமிழ் நன்றாகத்தான் கிளம்பும், பாதி வழியில் மராத்தியில் இறங்கிக்கொள்ளும்.

ரஞ்சன்காவில் ஒரு பெரிய கம்பெனி. அதன் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் வண்டியை நிறுத்தித்தான் அக்கா இத்தனை வருஷமும் சாப்பாடு கொடுத்திருக்கிறாள். மழையானாலும் வெயிலானாலும் கம்பி இடுக்கு வழியாகக் கேரியர் உள்ளே போகும், காலி கேரியர் வெளியே வரும். இந்த நவராத்திரிக்கு அந்தக் கம்பெனி கேன்டீனுக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற ராஜஸ்ரீ மேடம் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினாள். நமக்கு ஆயுத பூஜை என்றால் இவர்களுக்குக் கண்டே நவமி. அன்றைக்கு மெஷினுக்கெல்லாம் பூஜை போட்டு ஷிப்ட் முழுவதுக்கும் சாப்பாடு உண்டு. அந்த ஒரு சாப்பாடு அக்காவுடையது. ஆட்களுக்குப் பிடித்துவிட்டால் மேற்கொண்டு பேசலாம்.

"உள்ள வரச் சொல்லிட்டாங்க கிருஷ்ணா" என்று அன்றைக்கு மாடிப்படியிலேயே என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். "கேட்டுக்குள்ள வண்டிய விட்டு, கேன்டீன் வாசல்ல கொண்டுபோய் நிறுத்தி எறக்கணும். கம்பி வழியா நீட்டி நீட்டி என் கையே கம்பி மாதிரி ஆயிட்டு. உள்ள எப்படி இருக்குன்னே நான் பாத்ததில்ல, தெரியுமா?"

"அப்புறம் என்னங்கக்கா, ஜோரா போய்ட்டு வாங்க."

"அதுலதான் ஒரு சங்கடம். புகை கக்குத வண்டிய அந்தக் கேட்டுக்காரன் உள்ள விட மாட்டானாம். கம்பெனி ரூலாம்."

முகமது ரஃபீக் வந்து பார்த்தான். அடுத்த சந்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவன் தாத்தா காலத்திலேயே ஆம்பூரிலிருந்து கேம்ப்புக்கு வந்துவிட்ட குடும்பம். எஞ்சின் ஓட ஓட ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பாகக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தான்.

"நாலு இன்ஜெக்டர்லயும் கரி புடிச்சுக் கிடக்குது அக்கா. டீசல் தூவலா விழணும். ஒழுகுது. வேற ஒண்ணும் இல்ல, கழட்டிக் க்ளீன் பண்ணா சரியாப் போயிரும்."

"எப்பப்பா பண்ணித் தாரே?"

"இப்பவா? என் கடையப் பாத்தீங்களா? தசராவுக்கு முன்னாடி ஊர்ல இருக்குற வண்டியெல்லாம் என் வாசல்லதான் நிக்குது. வீட்லயே பண்ணிருங்க. எத்தனை வாட்டி என்கூட நின்னு ஸ்பேனர் புடிச்சிருக்கீங்க! டெஸ்டர் தரேன், புதுச் செம்பு வாஷர் தரேன். ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன்: ஊசியும் கூடும் ஜோடி மாறக் கூடாது. மாறிச்சுன்னா மச்சான் ஊருக்கும் நம்ம ஊருக்கும் நடுவுல நின்னுரும் வண்டி."

இன்ஜெக்டரின் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் கூடு. அதற்குள் ஒரு ஊசி. இரண்டும் சேர்ந்ததுதான் நாசில். ஒவ்வொரு கூட்டுக்கும் அதனதன் ஊசியை வைத்தே இழைத்துச் செய்திருப்பார்கள். பார்க்க நாலும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்றின் ஊசி மற்றொன்றின் கூட்டில் குடித்தனம் நடத்தாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் பி.இ. மெக்கானிக்கல் படித்தவன் என்பதை அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

அஷ்டமி அன்று மத்தியானமே அக்கா வராந்தாவில் மராத்திப் பேப்பரை விரித்துவிட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரஞ்சனியின் பழைய காலேஜ் டீ-ஷர்ட்டை ஜாக்கெட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு வேலைக்கு இறங்கினாள். பைப் நட்டுகளைத் தளர்த்தி, இன்ஜெக்டர்களை அசைத்து அசைத்துப் பிடுங்கினாள். நாலும் அடுப்புக்கரி மாதிரி வெளியே வந்தன. எஞ்சினில் ஓட்டை தெரிந்த இடங்களில் தூசி விழாமல் துணியை உருட்டி அடைத்தாள். வெளிக்கரியைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தாள். ஒவ்வொன்றாக வைஸில் கடித்துப் பிடிக்க வைத்துத் திறந்து, கூட்டையும் ஊசியையும் எடுத்துப் புது டீசலில் அலசி, நூல் பிரியாத வேட்டித் துணியால் துடைத்து, மறுபடி டீசலில் ஊறப் போட்டாள். நவமி காலையில் சமையலை இறக்கிவிட்டுப் பூட்டிக்கொள்ளலாம் என்று கணக்கு.

நாலு ஜோடியையும் தனித்தனியாக ஊற வைக்க நாலு பாத்திரம் வேண்டும். கைக்கு வந்தவை காப்பி டவராக்கள். ஸ்ரீநிவாசன் சாரின் சொந்த டவரா, அவர் பெயர் வெட்டியது, மூன்றாவது சிலிண்டருக்குப் போயிற்று. அவர் அப்போது உள்ளே பூஜைக்கு ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. வருஷா வருஷம் அவருடைய பேனாக்கள், ஆபீஸ் காலத்துக் கணக்குப் புஸ்தகங்கள், ரஞ்சனியின் லேப்டாப், அவள் கிட்டார், எல்லாம் மனைப் பலகையில் வரிசையாக ஏறும்.

அக்கா டீசல் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரு ஆயுதமும் வந்தாச்சு போல?"

"வந்தாச்சு, வந்தாச்சு. கிட்டாருக்குத்தான் இடம் பத்தல."

"இந்த வீட்டுல எனக்கு மட்டும் ஆயுதமே கெடையாது, இல்லா? உங்க பேனா ரிடையர் ஆயி மூடியத் தொறந்தே வருசக்கணக்காச்சு, அதுக்குச் சந்தனம் குங்குமம். என் சாமானத்துக்கு ஒரு பொட்டு வைக்க ஆளில்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு மறந்தும் போனாள். ஸ்ரீநிவாசன் சார் கிட்டாரைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அவர் அப்படி நின்றால் பயப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலையில் இருட்டுப் பிரியும்போதே கீழே அடுப்புகள் சீறும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுப் பின்கட்டில் அண்டா அண்டாவாக வேலை நடந்தது. சர்க்கரைப் பொங்கல், தேங்காய்ச் சாதம், சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். எல்லாவற்றுக்கும் மேலே திருநெல்வேலிச் சொதி. தேங்காய்ப்பாலை மூன்று தரமாகப் பிழிந்து வைத்து, கடைசியில் கெட்டிப்பாலை ஊற்றிக் கொதி வரும் முன்னே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துவிடும். எனக்குத் தேங்காய் துருவுகிற உத்தியோகம் கிடைத்தது. லீவு போட்டிருந்தேன். ரஞ்சனி முருங்கைக்காய் நறுக்கினாள். அக்டோபர் காலைக் குளிரில் அடுப்புச் சூடு இதமாக இருந்தது. தெருவெல்லாம் செண்டுப்பூ வாசனை.

சொதியை இறக்கி மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அக்கா வராந்தாவுக்குப் போனாள். போன வேகத்தில் குரல் வந்தது.

"ஏ ரஞ்சனி! டவராவெல்லாம் எங்கட்டி?"

"மீ நாஹி காட்லே அம்மா! நான் தொடவே இல்ல."

ஸ்ரீநிவாசன் சார் பூஜை அறை வாசலில் நின்றார். குளித்து, பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் பளிச்சென்று. முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"இங்க வா கனகு. கண்ண மூடிக்கிட்டு வா."

"என்னத்துக்குக் கண்ண மூடணும்? என் நாசிலெல்லாம் எங்க?"

"வந்து பாரேன்."

நாங்கள் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். மனைப் பலகையில் நட்டநடுவே, பேனாக்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பெரிய வெள்ளித் தட்டு. அதில் வாழையிலை. இலையின் இடது பக்கம் நாலு ஊசியும் வரிசையாக. வலது பக்கம் நாலு கூடும் வரிசையாக. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம், அதன் மேல் ஓர் அட்சதை. விளக்கு எரிந்தது. ஊதுபத்தி புகைந்தது.

"நல்ல நேரத்துல பூசை முடிஞ்சது" என்றார். "நேத்து நீ சொன்னது எனக்கு உறுத்திட்டு கனகு. நெசந்தானே? இத்தன வருசத்துல உன் சாமானம் ஒண்ணுகூட நான் பலகையில ஏத்துனதில்ல. டவராவுல டீசல்ல கெடந்துது. நல்லா வெந்நீர்ல சோப்புப் போட்டுக் கழுவி, தொடச்சு, இனம் பிரிச்சு வச்சிருக்கேன். ஊசியெல்லாம் ஒரு பக்கம், கூடெல்லாம் ஒரு பக்கம். பாக்க எப்படி இருக்கு?"

பாக்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பாவம்.

அக்கா பலகைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது. கோபமா, வேறு எதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"ஜோடி மாறிட்டே" என்றாள் மெதுவாக. "எந்த ஊசி எந்தக் கூட்டுக்குள்ளது? எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துட்டியளே."

"ஒரே மாதிரி சாமானத்த ஒரே எடத்துல வைக்கதுதானே முறை?" டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ் பேசியது. பிறகு அவருக்கே புரிய ஆரம்பித்து முகம் விழுந்தது.

"அதோட அந்தக் கூட்டு நுனியில ஓட்டை இருக்கு பாருங்க. நூல் மாதிரி மெல்லிசு. அதுலதான் நீங்க சந்தனத்த அப்பி வச்சிருக்கிய."

"ஆதா காய்?" என்றாள் ரஞ்சனி. அடுத்து என்ன செய்வது என்றுதான் எல்லாருமே யோசித்துக்கொண்டிருந்தோம்.

"வேற டெம்போ ஏதாச்சும் புடிக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"நவமியன்னிக்கு எவன் வருவான்? எல்லா வண்டிக்கும் மாலை போட்டு நிறுத்தியாச்சு." அக்கா எழுந்தாள். "தட்டக் குடுங்க, பாப்போம்."

சார் தட்டுக்கும் அவளுக்கும் நடுவில் கையை நீட்டினார். தடுக்க வேண்டும் என்று நீட்டவில்லை, பழக்கத்தில் நீண்டுவிட்டது.

"பூசையில வச்சத நாளைக்கு விஜயதசமி வரைக்கும் எடுக்கப்படாதே கனகு."

பின்கட்டில் சாம்பார் அண்டாவின் மூடி கடகடவென்றது. அக்கா தட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவளுக்கும் சாமி பயம் உண்டு. அதற்கு மேல், இந்த மனுஷன் ஆசையாக வைத்த பொட்டை அவர் கண் முன்னால் அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

"அந்தக் கேட்டு எனக்கு வாய்க்கல போல" என்றாள். "சரி, விடுங்க. கம்பி வழியாவே நீட்டிக்கிடுதேன்."

அந்த வார்த்தை ஸ்ரீநிவாசன் சாரை என்னவோ செய்தது. வேட்டியை இறுக்கிக் கட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். முப்பது வருஷம் சர்க்காரின் ரூல் புஸ்தகங்களில் சந்து தேடிய மனுஷர் கண்ணாடி துடைத்தால் சும்மா துடைக்க மாட்டார்.

"பூசை முடிஞ்சதுக்கு அடையாளமா என்ன செய்வோம்?" என்றார்.

"வடக்க நகட்டுவோம்."

"அம்புட்டுத்தான். வடக்க நகட்டியாச்சுன்னா முடிஞ்சது, எடுத்துப் பொழங்கலாம். நாளைக்குக் காலைல நகட்டுவோம். இன்னைக்கு நகட்டினா குத்தம்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதியிருக்காது. ஆனா நீங்கதான..."

"அவசரத்துக்கு விலக்கு உண்டு. ஊருக்குச் சோறு போடுதது அவசரம் இல்லையா?" அவர் குரல் ஏறியது. "இன்னொண்ணு கேளு. நகட்டும்போது குறைஞ்சது ஒரு விரக்கடை நகட்டணும்னு எங்கப்பா சொல்லியிருக்காரு. கூடிப் போனா எம்புட்டு நகட்டலாம்னு அவரு சொல்லவே இல்ல. வண்டி எந்தத் தெசையில நிக்கி?"

அக்காவுக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. "வாசல்ல. வடக்கதான்."

"ரஞ்சன்காவ்?"

நான் போனில் மேப்பைத் திறந்தேன். "வடகிழக்குங்க சார்."

"ஈசான்யம்! அது இன்னும் விசேஷம்." தட்டை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மந்திரம் முணுமுணுத்தபடி வடக்கே நகர்த்த ஆரம்பித்தார். பூஜை அறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வராந்தா வரைக்கும் நகர்த்தினார். நாங்கள் பின்னாலேயே ஊர்வலமாகப் போனோம்.

வெந்நீரில் சந்தனம் போயிற்று. உலர்த்தி, ஊதி, டீசலில் முக்கினோம். ஒரு கூட்டில் மட்டும் ஓட்டை அடைத்தே இருந்தது. ரஞ்சனி உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் கிட்டாரின் மெல்லிய கம்பி.

"அடியே, அதுவும் பூசையிலல்லா இருந்துது!"

"டென்ஷன் நகோ கேவு அம்மா, கவலப்படாத. கிட்டாரையும் வடக்கே தள்ளிட்டேன்."

கம்பி நுனியை அக்கா சீவிக்கொண்டு, ஓட்டையில் பூப்போல விட்டு எடுத்தாள். அடைப்பு போயிற்று. மிச்சம் ஜோடிதான். ரஃபீக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். நடந்ததைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் அவன் ஒர்க்‌ஷாப்பே சிரிப்பது கேட்டது.

"சார், குங்குமம் வச்சீங்க சரி, மஞ்சக் கயிறு கட்டலியா? அதைக் கட்டியிருந்தா ஜோடியாவது தெரிஞ்சிருக்கும்!"

"ஏல, வெளையாடாத. வழி சொல்லு" என்றாள் அக்கா.

"கூட்ட சாச்சுப் புடிங்க. ஊசிய டீசல்ல முக்கி உள்ள விட்டு, மூணுல ஒரு பங்கு வெளிய இழுத்து, கைய எடுங்க. அதோட சொந்த ஊசின்னா தானா, மெதுவா, வழுக்கிட்டு இறங்கும். வேத்து ஊசின்னா மாட்டிக்கும். இல்லன்னா டொக்குனு விழும். பதறாம பாருங்க."

வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்தோம். அக்கா கூட்டைச் சாய்த்துப் பிடிக்க, ரஞ்சனி ஊசியைக் கொடுக்க, சார் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். முதல் ஊசி பாதியில் நின்றது. இரண்டாவது டொக்கென்று விழுந்தது. மூன்றாவது, யாரோ கையைப் பிடித்து இறக்கிவிட்ட மாதிரி, மெதுவாகப் போய் உட்கார்ந்தது.

"ஜமலா!" என்று ரஞ்சனி கத்தினாள். பொருந்தியதாம். "பாத்தியா அம்மா? பத்ரிகா இல்ல, குண்ட்லி இல்ல. போட்டுப் பாத்தா உடனே தெரியுது. எனக்கு மட்டும் எதுக்கு வாட்ஸப்ல ஜாதகமா அனுப்பிட்டே இருக்கே?"

"உன்னையும் டீசல்ல முக்கி ஒருத்தன் வீட்டுல விட்டுட்டு வரட்டுமா? பேசாம அடுத்த ஊசியக் குடு."

இரண்டாவது ஜோடியும் சேர்ந்தது. கடைசி இரண்டு ஊசியும் இரண்டு கூட்டிலும் சுமாராக இறங்கின. எது சொந்தம், எது விருந்தாளி என்று சொல்ல முடியவில்லை.

"டெஸ்டர்ல போட்டுப் பாருங்க அக்கா. கை மட்டும் முன்னாடி போகக் கூடாது. தோலுக்குள்ள பாஞ்சிரும்" என்றான் போனில் ரஃபீக். "நாசில் பாடணும். எனக்குக் கேக்கட்டும்."

இன்ஜெக்டரைப் பூட்டி, கைப்பம்பு மாதிரி இருந்த டெஸ்டரில் மாட்டி, பக்கெட்டுக்குள் நுனியை வைத்து அக்கா அழுத்தினாள். முதல் இரண்டும் கர்ர் கர்ரென்று மழைக்காலத் தவளை மாதிரி பாடின. டீசல் சாம்பிராணிப் புகைபோல் பரவியது. மூன்றாவது பாடவில்லை. மூக்கு ஒழுகுவதுபோல் நுனியில் ஒரு சொட்டு நின்றது.

"மாத்துங்க" என்றது போன்.

மூன்றின் ஊசியை நாலுக்கும், நாலின் ஊசியை மூன்றுக்கும் மாற்றிப் பூட்டினாள். அழுத்தினாள். கர்ர்ர்ர். இரண்டும் பாடின. ஸ்ரீநிவாசன் சார் பட்டு வேட்டியோடு வராந்தாவில் ஒரு குதி குதித்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

பிறகு எல்லாம் ஓட்டம். புதுச் செம்பு வாஷர் போட்டு, நாலையும் எஞ்சினில் உட்காரவைத்து, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரால் அக்கா முறுக்கினாள். பைப்பில் அடைந்த காற்று வெளியேறும் வரைக்கும் ரஞ்சனி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். டீசல் நுரைத்து வந்தது, பிறகு நுரையில்லாமல் வந்தது. அக்கா ஒவ்வொரு நட்டாக இறுக்கினாள். வண்டி ஒரு தும்மல் போட்டது, இன்னொன்று போட்டது, பிறகு பிடித்துக்கொண்டது. குலுங்கல் இல்லை. சைலென்ஸரைப் போய்ப் பார்த்தேன். என் முகத்தில் வெறும் வெதுவெதுப்பான காற்றுதான் அடித்தது. எனக்கே கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன்.

சொதி அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. பின்னால் ரஞ்சனியும் நானும் பாத்திரங்களோடு பாத்திரமாக உட்கார்ந்தோம். முண்ட்வா, கராடி, வாகோலி என்று வண்டி நகர்ந்தது. வழியெல்லாம் லாரிக்கு மாலை, ஜேசிபிக்கு மாலை, தள்ளுவண்டி தராசுக்கு மாலை. வாகோலி நெரிசலில் நின்றபோது முன்சீட்டிலிருந்து சாரின் ஆங்கிலம் கேட்டது. ஷிக்ராபூர் தாண்டியதும் அக்கா ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். அந்த வண்டிக்கு அவ்வளவு வேகம் தெரியும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிக்காரன் அக்காவைப் பார்த்துச் சிரித்தான், வழக்கமான ரோட்டோரத்தைக் கை காட்டினான். அவள் ராஜஸ்ரீ மேடத்தின் பெயரைச் சொன்னாள். அவன் வண்டியின் பின்னால் போய்க் குனிந்தான். நான் அண்டாவை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவன் கையை சைலென்ஸர் முன்னால் நீட்டிப் பார்த்தான், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். கேட்டைத் திறந்தான்.

உள்ளே போகும்போது அக்கா வண்டியை முதல் கியரிலேயே ஓட்டினாள். இரண்டு பக்கமும் மரம், புல்தரை, வெள்ளைக் கோடு. "ஏ யப்பா" என்றாள். "இதுதானா உள்ள?"

கேன்டீன் வாசலில் பூஜை ஆரம்பிக்கிற நேரம். நீளமான மேஜையில் ஆட்கள் அவரவர் சாமான்களை வைத்துக்கொண்டிருந்தார்கள். சுத்தியல், ட்ரில் மெஷின், அளவு பார்க்கும் கருவிகள், ஒருத்தர் துடைப்பம். எல்லாவற்றுக்கும் செண்டுப்பூ, தசராவுக்குத் தங்கம் என்று கொடுக்கிற ஆப்டா இலை. ராஜஸ்ரீ மேடம் ஒன்பது கஜ நவ்வாரிப் புடவையில் ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

"வந்துவிட்டீர்களா! உங்கள் ஆயுதத்தையும் வையுங்கள்" என்றாள் மராத்தியில். "இன்றைக்கு இங்கே வேலை செய்கிற எல்லாருடையதும் வைக்க வேண்டும்."

அக்கா சாம்பார்க் கரண்டியைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை உருவினாள். காலையில் செருகியது, அங்கேயே இருந்திருக்கிறது. ஸ்ரீநிவாசன் சார் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினார். அவள் கொடுத்தாள். அவர் அதைத் தன் மேல்துண்டால் துடைத்து, மேஜையில் வைத்து, சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டவர் சட்டென்று நின்றார்.

"கனகு, இதுல ஓட்டை கீட்டை எதுவும் இல்லியே?"

"இல்ல."

"ஜோடி?"

"ஒத்தச் சாமானம்ங்க. தாராளமா வையுங்க."

அவர் வைத்தார். கைப்பிடியில் அழகாக, பெரிதாக. அக்கா அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாருக்கு" என்றாள். நான் போய் இலை போட ஆரம்பித்தேன்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரைப் பொங்கலைப் பார்த்து முதலில் தயங்கிய மராத்திக்கார ஆட்கள் பிறகு சொதியைக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்தார்கள். நம் ஊர்ப் பையன்கள் சிலர் அண்டாவை விட்டு நகரவே இல்லை. கம்பிக்கு அந்தப்புறம் நின்றே பார்த்த அக்காவை இந்தப்புறம் பார்த்ததில் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ராஜஸ்ரீ மேடம் மூன்றாம் தரம் சொதி வாங்கும்போது இதற்குப் பெயர் என்ன என்று கேட்டாள். "சோதி, சோதி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

காலிப் பாத்திரங்களை ஏற்றிவிட்டு, அக்கா மேஜையிடம் போய் ஸ்பேனரை எடுக்கக் கை நீட்டினாள். மேடம் பதறிப்போய்த் தடுத்தாள்.

"அய்யோ, தொடக் கூடாது! நாளைக்குக் காலை பூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும். நாளைக்கும் இங்கே ஷிப்ட் உண்டு. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்." பிறகு அண்டாவைக் காட்டி, "வரும்போது இதையும் கொண்டுவாருங்கள். நாளை மறுநாளும்தான். கேட்டில் சொல்லி வைக்கிறேன், வண்டி நேரே உள்ளே வரட்டும்" என்றாள்.

மேடம் சொன்னதில் பாதியைத்தான் ஸ்ரீநிவாசன் சார் காதில் வாங்கியிருக்க வேண்டும். மெல்ல மேஜை ஓரமாக வந்து, யாரும் பார்க்காதபடி ஆள்காட்டி விரலை ஸ்பேனர் பக்கத்தில் வைத்தார்.

"கனகு" என்றார் ரகசியமாக. "லேசா வடக்க நகட்டிரவா?"

அக்கா அவர் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"சும்மா இரிங்க. கெடக்கட்டும் அங்கேயே. நாளைக்கு வாரோம்லா."